சந்தாவை வாங்கிக்கொண்டு கதவை அடைப்பதை வன்மையாகக் கண்டிக்கிறோம்

மாப்பிள்ளையூரணி
பொதுமக்களுக்கும், மாவட்ட நிர்வாகத்துக்கும், காவல் துறைக்கும்

எங்கள் பகுதியில் ஓராண்டுச் சந்தாவை மொத்தமாக வாங்கி நடந்துகொண்டிருந்த உடற்பயிற்சிக் கூடம் ஒன்று, ஒரு நாள் காலையில் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டது. முந்தைய நாள் இரவு வரை உள்ளே பயிற்சி நடந்திருக்கிறது. ஷட்டரில் ஒட்டியிருந்த தாளில் ‘பராமரிப்புப் பணி’ என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம் அந்தத் தாளும் இல்லை, உள்ளே இருந்த எந்திரங்களும் இல்லை. உரிமையாளரின் கைபேசி அணைந்து கிடக்கிறது. சந்தா கட்டியவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. இந்தச் செயலை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

அந்தக் கூடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரும் முகவரியும் பணம் போன விவரமும் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவில் இருக்கின்றன. விசாரித்துக் குற்றம் இன்னாருடையது என்று சொல்ல அதற்கென்று இருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு கடையைவிடப் பெரிய கவலை எங்களுக்கு உண்டு. கணினிப் பயிற்சி மையம், பிள்ளைகளின் நடன வகுப்பு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று எங்களிடம் வந்த புகார்களை எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. பணத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்குகிறார்கள். பாதியில் கதவை அடைக்கிறார்கள். கேட்கப் போனால் ஆள் இல்லை.

யாருடைய பணம் போயிற்று என்று சொல்ல வேண்டும். வசதியுள்ளவர்கள் பொழுதுபோக்குக்குக் கட்டிய பணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் கூடத்தில் சேர்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் காவலர் தேர்வுக்குத் தயாராகிற பையன்கள். மார்பளவு 81 சென்டிமீட்டர் வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும், கயிறு ஏற வேண்டும், 1,500 மீட்டர் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறி இந்த அளவில் தோற்றுத் திரும்பிய பையன்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுடைய அம்மா உப்பளத்தில் தலைச்சுமை எடுப்பவர். மகனுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியது அவர்தான். மற்றவர்களில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சர்க்கரை நோயாளிகள் உண்டு, பிரசவத்துக்குப் பின் மருத்துவர் சொல்லிச் சேர்ந்த பெண்கள் உண்டு, லாரி ஓட்டுநர்கள் உண்டு.

மாதாமாதம் கட்டாமல் ஏன் மொத்தமாகக் கட்டினீர்கள் என்று கேட்பவர்கள் இந்த ஊரின் வரும்படியை அறியாதவர்கள். உப்பளத்தில் வேலை தை மாதத்தில் சூடு பிடித்துப் புரட்டாசியோடு அடங்கிவிடும். மழை வந்து பாத்தியில் தண்ணீர் நின்றால் கூலி கிடையாது. அந்த மாதங்களுக்காகவே உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசே கொடுக்கிறது. கடலுக்குப் போகிற வீடுகளில், விசைப்படகு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். கையில் காசு இருக்கிற மாதத்தில் கட்டிவிட்டால் காசில்லாத மாதத்தில் பிள்ளையின் பயிற்சி நிற்காது என்பதுதான் அந்தத் தாயின் கணக்கு. ஏமாளிகள் போடுகிற கணக்கு இல்லை அது. வரும்படி ஏறி இறங்குகிற குடும்பங்கள் காலங்காலமாகப் போட்டுவரும் கணக்கு. அதைத் தெரிந்துகொண்டுதான் சலுகைப் பலகைகளும் வருகின்றன. சீசன் காலத்தில் ‘இன்றே கட்டினால் மூன்று மாதம் இலவசம்’ என்று பேனர் கட்டுகிறவர்களுக்கு எந்த மாதத்தில் யார் கையில் பணம் புழங்கும் என்பது நன்றாகவே தெரியும்.

முன்பணம் என்ற சொல் இந்தக் கடற்கரைக்குப் புதியதில்லை. படகில் வேலைக்குச் சேருகிறவர் படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்குகிறார். வள்ளக்காரர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் பிடித்த மீனை அவரிடம்தான் போட வேண்டும், கமிஷன் கழித்துத்தான் காசு வரும். உப்பளத்திலும் மழைக்காலத்தில் வாங்கிய முன்பணம் அடுத்த சீசன் கூலியில் பிடிக்கப்படும். வாங்கிய பணத்தை அடைக்காமல் வேறு படகுக்கோ வேறு உப்பளத்துக்கோ போய்விட முடியாது. தேடி வீட்டுக்கு வருவார்கள், ஊர்ப் பெரியவர்களிடம் சொல்வார்கள், பெண்டாட்டியின் கம்மலைக் கழற்றியாவது கணக்கை நேர் செய்ய வேண்டியிருக்கும். முன்பணத்தைக் காட்டி மனிதனைக் கட்டிப்போடுவது குற்றம் என்று கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே சொல்லிவிட்டது. அப்படிக் கட்டிப்போடுவதை நாங்களும் எதிர்க்கிறோம். ஆனால் கூலிக்காரர் வாங்கிய முன்பணத்துக்கு இத்தனை கண்கள் காவல் இருக்கும் ஊரில், கடைக்காரர் நூற்றுக்கணக்கானவர்களிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஒரு கண்கூடக் காவல் இல்லை. நாங்கள் கேட்பது இந்த ஒன்றைத்தான்: முன்பணம் வாங்கியவர் எவராக இருந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் கூடம் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரரைப் போய்ப் பார்த்தோம். காலி செய்யும் முன், தான் கொடுத்திருந்த வாடகை அட்வான்ஸைப் பேசி, மின்கட்டணத்தைக் கழித்து, மீதியை வாங்கிக்கொண்டுதான் கூடத்தின் உரிமையாளர் சாவியைக் கொடுத்தார் என்று கட்டடக்காரர் சொன்னார். தன்னுடைய முன்பணம் திரும்பி வர வேண்டிய பணம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்டபின்தான் எங்கள் செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடத் தீர்மானித்தது.

தொழிலில் நட்டம் வருவதை நாங்கள் குற்றம் என்று சொல்லவில்லை. கொரோனா காலத்தில் கடை மூடியவர்கள் எங்கள் உறுப்பினர்களிலும் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இந்தத் தூத்துக்குடி மாவட்டத்தின் எத்தனையோ கடைகள் சரக்கோடு மூழ்கின. அவர்களில் பலர் கடனுக்கு வாங்கிய சரக்குக்கும் சீட்டுக்கும் இன்றுவரை தவணையாகக் கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நாங்கள் மதிக்கிறோம். நட்டத்தில் மூடுகிற ஒருவர் செய்யக் கூடியது ஒன்று உண்டு. உறுப்பினர்களைக் கூப்பிட்டு, இன்ன நிலைமை, இன்ன தேதியில் மூடுகிறேன், மீதி மாதத்துக்கான பணத்தை இத்தனை தவணையில் தருகிறேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னவரை இந்த ஊர் அடித்து விரட்டாது. நாங்கள் கண்டிப்பது வேறு. மூடப்போகிறோம் என்று தெரிந்த பின்னும் கடைசி வாரத்தில் புதுச் சந்தா வாங்கியிருக்கிறார்கள். ஒரு பெண் வியாழக்கிழமை பணம் கட்டியிருக்கிறார், திங்கட்கிழமை பூட்டுத் தொங்கியது. இதை நட்டம் என்ற சொல்லால் மூடி மறைக்க முடியாது.

காவல் நிலையத்துக்குப் போனவர்களுக்குக் கிடைத்த பதில் தமிழ்நாடு முழுவதும் எல்லாருக்கும் கிடைக்கிற பதில்தான். “இது சிவில் மேட்டர்லா, கோர்ட்டுக்குப் போங்க.” பாதிப் பேர் அந்த ஒரு வாக்கியத்தோடு திரும்பிவிட்டார்கள். எல்லா நேரமும் அது சிவில் மேட்டர் ஆகிவிடாது. சேவை தரப் போவதில்லை என்று தெரிந்தே பணம் வாங்கியிருந்தால் அது ஏமாற்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. நம்பி ஒப்படைத்ததைக் கையாடினால் 316-ஆவது பிரிவு. கடைசி வாரத்துச் சந்தா ரசீதுகள்தான் ஏமாற்றும் எண்ணத்துக்குச் சான்று, அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் பெண்கள் காவல் நிலைய வாசலில் நின்றார்கள். விசாரித்த பிறகு சிவில் என்று முடிவு செய்தால் அது வேறு. விசாரிக்காமலே, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தராமல் திருப்பி அனுப்பியதையும் கண்டிக்கிறோம்.

இது மாப்பிள்ளையூரணியோடு முடிகிற விவகாரமில்லை. சென்னையில் பல பத்தாண்டுகள் பெயரெடுத்த நாதெள்ளா நகைக்கடை 2017-இல் கடைகளை மூடியபோது நகைச் சீட்டு கட்டியவர்கள் பூட்டிய கதவுக்கு முன் ரசீதுப் புத்தகத்தோடு நின்றார்கள். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு மதுரை, நாகர்கோவில், சென்னை என்று கிளை விரித்த பிரணவ் ஜுவல்லர்ஸ் 2023-இல் மூடியது. திருச்சி பொருளாதாரக் குற்றப் பிரிவில் வழக்குப் பதிவானது, அந்த ஆண்டு நவம்பரில் அமலாக்கத் துறை சோதனை நடத்தி, ஏறத்தாழ 100 கோடி ரூபாய் மக்களிடம் திரட்டப்பட்டதாக அறிவித்தது. 2025 ஜனவரியில் டெல்லி, நொய்டா, காசியாபாத் பகுதிகளில் ஃபிட்ஜீ பயிற்சி மையங்கள் பாடத்திட்டத்தின் நடுவிலேயே மூடின. இரண்டு, நான்கு ஆண்டுக் கட்டணங்களை முன்னதாகவே கட்டியிருந்த பெற்றோர் தெருவில் நின்றார்கள். 1932-இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய தல்வால்கர்ஸ் குழுமம் 2019-இல் கடனைக் கட்ட முடியாமல் தடுமாறி, பின்னர் திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. பெரிய பெயர், பழைய பெயர், விளம்பரத்தில் நடிகர் முகம் எதுவும் காப்பு இல்லை என்பதை இதிலிருந்து எங்கள் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிவு பெற்ற நிறுவனம் திவால் சட்டத்துக்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, சொத்தை விற்று வந்த பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று வரிசை போட்டிருக்கிறது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும் ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளும். பிறகு மற்ற ஊழியர்கள், ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசு. சந்தா கட்டியவரின் முறை வரும்போது பெரும்பாலும் சட்டி காலியாக இருக்கும். தொழிலாளரை முன்னால் வைத்ததில் எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, வைக்கத்தான் வேண்டும். ஆனால் வங்கி கடன் கொடுக்கும்போது ஈடு வாங்கிக்கொண்டது. உப்பளத்துத் தாய் என்ன ஈடு வாங்க முடியும்?

நல்ல வேளையாக, எங்கள் ஊரில் நடக்கிற கடைகளில் பெரும்பாலானவை கம்பெனிகள் அல்ல. ஒருவருக்குச் சொந்தமானவை, அல்லது இரண்டு மூன்று பேர் கூட்டு. இதில் ஓர் உண்மையை எங்கள் மக்கள் எல்லாரும் அறிய வேண்டும். தனி உரிமையாளர் கடையில், கடையின் கடன் அவருடைய சொந்தக் கடன். பலகையைக் கழற்றினாலும் அது தீராது. கூட்டு நிறுவனத்தில் ஒவ்வொரு கூட்டாளியும் முழுக் கடனுக்கும் பொறுப்பு, 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ‘கடையே இல்லை, யாரிடம் கேட்பது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடை போனாலும் ஆள் இருக்கிறார்.

‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அந்த வரியை எழுதியவர் சேவையைத் தருவேன் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார். அவர் தன் பங்கை நிறுத்திவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் நிலைநிறுத்த முடியாது. நடத்தாத வகுப்புக்கான கட்டணத்தைப் பயிற்சி நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் முன்பே தீர்ப்பளித்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடான சேவைக்கான பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்றே வரையறுக்கிறது. ஒருதலையான ஒப்பந்த வரிகளைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கு இருக்கிறது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது, அதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், 2019. சேவைக்காக வாங்கிய முன்பணம் வைப்புத்தொகை ஆகாது என்று முதலில் விலக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணம் திருப்பித் தர வேண்டியதாகி 15 நாள் கடந்துவிட்டால் அது வைப்புத்தொகையாகவே கருதப்படும் என்று அதே பிரிவில் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 1997 முதல், டான்பிட் என்று நாம் சொல்லும் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதைச் செல்லும் என்று உறுதிசெய்தது. அதற்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பணத்தை மக்களுக்குப் பிரித்துக் கொடுக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. நகைச் சீட்டில் ஏமாந்தவர்களுக்கு இந்தக் கதவுதான் திறந்தது. சந்தாவில் ஏமாந்தவர்களுக்கும் அதைத் திறந்து பார்க்கச் சொல்கிறோம்.

கல்வி நிறுவனங்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2003-இலேயே, இஸ்லாமிக் அகாடமி வழக்கில், ஒரு வழி காட்டியிருக்கிறது. ஒரு நிறுவனம் பல ஆண்டுக் கட்டணத்தை முன்னதாக வாங்கியிருந்தால் நடப்பு ஆண்டின் கட்டணத்தை மட்டுமே எடுத்துச் செலவழிக்கலாம், மீதியை அரசுடைமை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு வைக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. கல்லூரிக்கு நியாயமான இந்த ஏற்பாடு உடற்பயிற்சிக் கூடத்துக்கும் கணினி மையத்துக்கும் ஏன் கூடாது? ஒருவர் ஓராண்டுக்கு 12,000 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதத்தில் கடைக்காரருக்கு உரியது 1,000 ரூபாய்தான். மீதி 11,000 ரூபாய் அவரிடம் இருந்தாலும் அவருடையது ஆகாது. அதை எடுத்து இன்னொரு ஊரில் கிளை திறக்கும்போதுதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ஃபேர்பாக் என்று ஒரு நிறுவனம் இருந்தது. நம் தீபாவளிச் சீட்டு மாதிரியே கிறிஸ்துமஸ் சாமான்களுக்காக ஏழை வீடுகளில் மாதாமாதம் பணம் வாங்கியது. 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அது கவிழ்ந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சேமிப்பு போயிற்று, ஆறு ஆண்டு அலைந்தபின் ஏறத்தாழ பாதிப் பணம்தான் திரும்பியது. ஆனால் அந்த அதிர்ச்சியில், இப்படிச் சீட்டு நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் பணத்தைத் தனி அறக்கட்டளைக் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு அடுத்த ஆண்டே அங்கே வந்தது. நம் ஊர்களில் ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது ஒருவர் சீட்டுப் பணத்தோடு காணாமல் போகிறார். ஏற்பாடு மட்டும் வந்தபாடில்லை.

கடன் தவணையில் சேர்ந்தவர்களின் நிலை தனியாகச் சொல்ல வேண்டியது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் ஆங்கிலமும் கணினியும் கற்றுத் தரும் மையத்தில் சேர்ந்தாள். கையில் பணம் கட்ட வேண்டாம், ஆதாரும் பான் கார்டும் போதும் என்று சொல்லி, அங்கேயே கையெழுத்து வாங்கி, ஒரு நிதி நிறுவனத்தில் கடன் போட்டுவிட்டார்கள். மையத்துக்கு முழுப் பணமும் அன்றே போய்விட்டது. மூன்றாம் மாதம் மையம் மூடிவிட்டது. வகுப்பு நின்றது, ஈ.எம்.ஐ. நிற்கவில்லை. அவள் மீன் பதனிடும் கம்பெனியில் வேலை பார்த்து வாங்கும் சம்பளத்திலிருந்து ஐந்தாம் தேதி தவறாமல் பணம் பிடிக்கப்படுகிறது. ஒரு மாதம் கணக்கில் பணம் குறைந்ததற்கு அபராதமும் பிடித்தார்கள். நடக்காத வகுப்புக்கு அந்தப் பிள்ளை வட்டி கட்டுகிறாள். இங்கிலாந்தின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில், பொருளோ சேவையோ வராவிட்டால் கடன் கொடுத்த நிறுவனமும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். மையத்தோடு கைகோத்து ஆள் சேர்த்த நிதி நிறுவனம், மையம் ஓடிப்போனதும் ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்பதை நாங்கள் கடுமையாகக் கண்டிக்கிறோம். இதற்கு ரிசர்வ் வங்கி விதி செய்ய வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அவர்களிடம் எங்கள் முதல் கோரிக்கை இது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, நுகர்வோர் ஒரு கூட்டமாகப் பாதிக்கப்படும்போது புகாரை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை ஆட்சியருக்கே கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை இந்த விவகாரத்தில் பயன்படுத்த வேண்டும். கோரம்பள்ளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் எங்கள் மனுவை நேரில் கொடுக்கப் போகிறோம். அதைக் காவல் துறைக்கு ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று எழுதித் தள்ளிவிட வேண்டாம் என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறோம்.

வணிக வரித் துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சேவைக்கு முன்பணம் வாங்கிய அன்றே அதன்மேல் ஜி.எஸ்.டி. உண்டு, பதிவு பெற்றவர் வரவுச் சீட்டுக் கொடுக்க வேண்டும், சேவை தராவிட்டால் பணத்தைத் திருப்பியதற்கான சீட்டுப் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆக எவ்வளவு முன்பணம் வாங்கப்பட்டது என்பது அரசின் கணக்கில் வருகிற விவரம். பதிவை ரத்துசெய்ய விண்ணப்பிக்கிறவரிடம், சேவை தராத முன்பணம் எவ்வளவு, அதைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சான்று எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தன் வரிப்பாக்கியைக் கேட்காமல் துறை யாரையும் விடுவதில்லை. மக்களின் பாக்கியையும் அதே படிவத்தில் கேட்கச் சொல்கிறோம்.

மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சந்தாவை மொத்தமாக வாங்குகிறவர் அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, மாதம் முடிய முடிய எடுத்துக்கொள்ளும்படி விதி வேண்டும். இதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறியாகவே கொண்டுவரலாம். பயிற்சி மையங்களின் பொய் விளம்பரங்களுக்கு 2024 நவம்பரில் நெறிமுறை கொண்டுவந்த ஆணையம்தான் அது.

இனி எங்கள் மக்களுக்கு. கோபத்தில் கதவை உடைப்பதோ, உரிமையாளரின் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் போய் மிரட்டுவதோ கூடாது. அப்படிச் செய்தால் வழக்கு நம்மேல் திரும்பும், அதோடு அந்தப் பிள்ளைகள் நமக்கு ஒன்றும் செய்யவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பயிற்சி நிறுவனங்களிடமிருந்து 600-க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு 1.56 கோடி ரூபாய் அந்த எண் வழியாகவே திரும்ப வாங்கித் தரப்பட்டது என்று 2025 தொடக்கத்தில் ஒன்றிய அரசு அறிவித்தது. அதில் முடியாவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகவும் போடலாம், அதைத்தான் இந்த விவகாரத்தில் செய்யப்போகிறோம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆணையம் உத்தரவிட்ட பின்னும் பணம் தராதவருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கப்படலாம்.

2023 வெள்ளத்தில் பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ஊறிப்போய்த் திண்ணையில் காயவைத்த ஊர் இது. காகித ரசீது இல்லை என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். கைபேசியில் அனுப்பிய பணத்துக்கு வங்கிக் கணக்கில் பதிவு இருக்கும், யார் பெயருக்குப் போனது என்பதும் அதிலேயே இருக்கும். உறுப்பினர் அட்டை, வாட்ஸாப்பில் வந்த சலுகைப் படம், சேர்ந்த அன்று எடுத்த புகைப்படம் எல்லாமே சான்றுதான். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் உரிமையாளரின் சட்டப்படியான பெயரைப் போர்ட்டலில் பார்த்துவிடலாம். கடன் அட்டையில் கட்டியவர்கள் உடனே வங்கிக்கு எழுதி, சேவை வரவில்லை என்று பணத்தைத் திருப்பக் கேட்க வேண்டும், அதற்கு நாள் கெடு உண்டு.

கூட்டு மனுவில் சேர விரும்புகிறவர்கள் தங்களிடம் உள்ள சான்றுகளின் நகல்களோடு சங்கத்துக்கு வர வேண்டும். உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பி மதியத்துக்கு மேல்தான் திரும்புவார்கள் என்பதால், வார நாட்களில் மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரை இரண்டு செயற்குழு உறுப்பினர்கள் அங்கே இருப்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மனுவை நாங்களே எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்குவோம். கடலுக்குப் போயிருப்பவர்களின் சார்பில் வீட்டுப் பெண்கள் இப்போது நகலைக் கொடுத்துவிட்டுப் போகலாம், கரை திரும்பியதும் அவர் வந்து கையெழுத்துப் போட்டால் போதும். மனுவுக்கு யாரும் ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

இவண்,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழுவினர்
மாப்பிள்ளையூரணி